ஓய்வு பெற்ற ஊழியருக்கு நாம் பட்ட கடன்

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் மகன் சபையோர் முன் நின்று, "என் தகப்பனார் யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள், நான் பொறுப்பு" என்று அறிவிப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். கொடுக்கல் வாங்கலிலேயே காலத்தைக் கழிக்கும் வர்த்தகர்களாகிய நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும். ஆனால் மறுபக்கத்துக் கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை. இறந்தவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சிந்தனைக்கு எடுத்துக் கொள்கிறோம்.

தனவந்தர் ஒருவர் மறைந்தால் இதற்குப் பதில் சொல்வது எளிது. அவர் கட்டிக் கொடுத்த கட்டடத்திலே கல்வெட்டு இருக்கும். நன்கொடைப் பட்டியலிலே பெயர் இருக்கும். அனுதாபக் கூட்டமும் நடக்கும். நகரசபையிலே முப்பது வருஷம் உழைத்து, ஓய்வு பெற்று, பிள்ளைகளை ஆளாக்கி, பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் கண்ட பின் தொண்ணூறு வயதில் கண்மூடுகிறவருக்கு என்ன செய்கிறோம்? "நல்ல மனுஷர், யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை" என்று சொல்லி, மூன்று பிடி மண் இட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி விடுகிறோம். சொல்லும்படியாக வேறொன்றும் இல்லையென்று நினைப்பதே இதற்குக் காரணம்.

உண்மையில் ஒன்றும் இல்லையா? சிங்கப்பூரையே பார்ப்போம். 1951ஆம் ஆண்டு செப்டம்பரில் அது நகரம் என்னும் அந்தஸ்தைப் பெற்றபோது, முனிசிபாலிட்டி நகரசபை ஆயிற்று. தண்ணீர், மின்சாரம், தெருத் துப்புரவு முதலியவை அதன் பொறுப்பு. 1959இல் நகரசபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக் கொண்டது. 1963இல் தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கீழ் வந்தன. பெயர்ப்பலகைகள் மாறிய போதெல்லாம், குழாய் பதித்தவரும் மீட்டர் பார்த்தவரும் தெருக் கூட்டியவரும் மறுநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.

அவர்கள் செய்த வேலை ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படாது. 1942 பிப்ரவரியில் குண்டு வீச்சினால் குழாய்கள் உடைந்து, நகரம் தண்ணீருக்குத் தவிக்கும் நிலை வந்தது. அந்த மாதம் 15ஆம் தேதி பிரிட்டிஷார் சரணடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மறுபடியும் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, மழை பொய்த்துத் தண்ணீருக்குப் பங்கீடு ஏற்பட்டது. அத்தகைய மாதங்களில் குழாயைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மற்றக் காலங்களில் திருகினால் தண்ணீர் வந்தது. யாரால் வந்தது என்று நாம் கேட்டதில்லை. வாளியில் மலம் எடுக்கும் முறை சிங்கப்பூரில் 1987 ஜனவரியில்தான் அடியோடு ஒழிந்தது. அதுவரை அந்த வாளியையும் யாரோ ஒருவர் சுமந்திருக்கிறார்.

"சம்பளம் வாங்கிக் கொண்டுதானே செய்தார்? அத்துடன் கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் சொல்லலாம். வியாபாரிக்கு இந்த வாதம் பொருந்தாது. வாடிக்கைக்காரர் அரிசிக்கு விலை கொடுக்கிறார். தராசு சரியாக இருப்பதற்கென்று தனியாக ஒரு காசு கொடுப்பதில்லை. நிறுவை குறைந்தாலும் பலருக்கு அது தெரியவே போவதில்லை. இருந்தும் தராசை ஒழுங்காக வைக்கிறோம் என்றால், அது விலைக்கு அப்பாற்பட்ட காரியம். நகரசபை ஊழியரும் அப்படியே. சாலைக்கடியில் குழாயை இணைப்பவர் இணைப்பைத் தளர விட்டு மண்ணை மூடினால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மாதக் கடைசியில் சம்பளம் அதேதான். மேஸ்திரியின் கண் எட்டாத இடத்தில் அவருடைய மனசாட்சி வேலை செய்தது. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

"தம் குடும்பத்தைத்தானே காப்பாற்றினார்?" என்று இன்னொரு கேள்வி வரும். குடும்பத்துக்குச் செலவிடுவதும் தர்மமே என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்தது. அதோடு, சம்பளக்காரரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு ஒரு வருஷம் நஷ்டம் வந்தால் மறுவருஷம் லாபம் வருமென்ற நம்பிக்கை உண்டு. அவருக்கு வரும்படி இன்னதென்று முன்கூட்டியே தெரியும். அந்த அளவுக்குள்ளேதான் வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் செலவு, ஊருக்கு அனுப்பும் மணியார்டர், தங்கையின் கல்யாணம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காத மாதங்களில் அவர் தமக்கென்று வைத்திருந்த ஆசையைத்தான் முதலில் விட்டார். அவர் விட்டது என்னவென்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

நம் பழைய பற்றுவரவுப் புத்தகங்களைப் புரட்டினாலும் இவர்கள்தாம் இருப்பார்கள். மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பள நாளன்று பாக்கியைத் தீர்த்து, மறுநாள் புதுப் பக்கம் தொடங்கியவர்கள். சில்லறைக் கடைகள் பல, அந்தச் சிறிய தொகைகள் நாள் தவறாமல் வந்ததாலேயே நிலைத்து நின்றன.

எல்லா ஊழியரும் இப்படி இருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையைத் தட்டிக் கழித்தவரும் உண்டு. கைநீட்டி வாங்கியவரும் உண்டு. இறந்துவிட்டார் என்பதற்காக இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதும் பொய் நிறுவைதான். ஆகையால் விசாரித்து அறிந்து சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் உழைத்தார், எந்தத் தெருக்களில் உழைத்தார், யாரைப் படிக்க வைத்தார் என்று அவர் பிள்ளைகளையும் கூட வேலை பார்த்தவர்களையும் கேட்டு, சங்கத்தின் குறிப்பேட்டில் பத்து வரி எழுதி வைக்கலாம். 1950களில் நகரசபையில் சேர்ந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று முதிர்ந்த வயதினர். அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது இன்னும் மேல்.

ஆனால் எழுதி வைப்பதோடு கடன் தீர்ந்து விடாது. அன்று அவர் செய்த வேலையை இன்று வேறொருவர் செய்கிறார். விடியுமுன் நம் கடை வாசலைக் கூட்டுகிறவர் அவர். நம் கடைக்குள்ளேயே இருபது வருஷமாக மூட்டை தூக்குகிற சிப்பந்தியும் அவரே. அவருக்கும் குடும்பம் உண்டு. அவரும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். அவர் கூலியைத் தாமதியாமல் கொடுப்பதும், பெயர் சொல்லி விசாரிப்பதும், முதுமைக்கு வழி செய்வதும் நம் கையில் இருக்கின்றன. மறைந்தவருக்குப் பட்ட கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. இவர்களிடம் கொடுக்கலாம். வர்த்தகப் பெருமக்கள் இந்த மாதச் சம்பள நாளிலிருந்தே தொடங்குவார்களாக.