ஓடாத வண்டியின் எஞ்சின்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எரிபொருளின் அருமையைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய வஸ்துவாகிவிட, பழைய மொறிஸ் மைனர் கார்களும் ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயைக் குடித்து, கண்ணெரியும் புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அதன்பின் 2022 இல் நாடு முழுவதையும் வாட்டிய தட்டுப்பாட்டின்போது, எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகளில், ஒரு சொட்டும் வீணாகலாகாதென்று எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளியே முன்னகர்த்தியவர்கள் எத்தனையோ பேர். அவ்வருட ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று அளந்து கொடுக்கலாயினர். மறுவருடம் அந்தப் பங்கீடு நீங்கியது. பங்கீட்டோடு பழக்கமும் நீங்கியது. இன்று பாடசாலை விடும் வேளையில் வாசலெங்கும் மோட்டார் சைக்கிள்கள் ஸ்ராட்டிலேயே நிற்கின்றன. பிள்ளை வரும்வரை ஏசி குளிர்மை குன்றாதிருக்க வான்கள் முனகுகின்றன. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் ரயில் கடவை மூடியபின், ரயில் வந்து போகும்வரை அணையாத எஞ்சின்களே அதிகம்.

இத்தனை கடுமையான பாடங்களைப் பெற்ற ஊர் அவற்றை இத்தனை விரைவில் மறந்தது ஏன் என்று ஆராயின், அங்கே ஆசிரியனாக இருந்தது பஞ்சம் என்பது புலப்படும். பஞ்சம் சிக்கனத்தைக் கற்பிக்கும். பக்கத்தில் நிற்பவனின் சுவாசத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை அணைத்தால் மீண்டும் உயிர்ப்பிக்கப் பெற்றோல் துளி தேட வேண்டியிருந்தபடியால், 'அணைத்தால் நட்டம்' என்ற எண்ணமும் அக்காலத்தின் எச்சமாகவே சிலரிடம் தங்கியிருக்கலாம். இன்றைய எஞ்சினுக்கு அது பொருந்தாது. ஏறக்குறையப் பத்து விநாடிக்கு மேல் நிற்க நேரிடின் அணைத்து மீண்டும் எழுப்புவதே எரிபொருளுக்கு ஆதாயம் என்பது பொறியியலாளர் கணக்கு.

ஆதாயக் கணக்கு ஒருபுறம் இருக்க, அறத்தின் கணக்கு வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2012 இல் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்திவிட்டது. ஓடும் வண்டியின் புகை வீதியின் நீளத்துக்குப் பரவிக் கலையும். நிற்கும் வண்டியின் புகையோ நின்ற இடத்திலேயே, அதுவும் நிற்க நிர்ப்பந்திக்கப்பட்டவர்களின் மத்தியிலேயே திரளும். யாழ்ப்பாணத்து மத்திய பஸ் நிலையம் போதனா வைத்தியசாலையின் அயலிலேயே அமைந்திருப்பதை நினைக்குந்தோறும், மூச்சிழுப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நிற்கும் முதியவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி எழாமற் போகாது. மார்கழியில் வடக்கிலிருந்து வீசும் காற்று கடல் கடந்த புகையையும் தூசியையும் சுமந்து வருகிறதே, அதற்கு முன் எங்கள் மினிபஸ்ஸின் புகை எம்மாத்திரம் என்று வாதிடுவோர் உண்டு. அயலூரான் ஊத்தை கொட்டினான் என்பது நாமும் கொட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் ஆகாது.

மினிபஸ்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அங்கே காரணம் அலட்சியம் மட்டுமன்று. நிலையத்தில் நிற்கும் பஸ்ஸின் எஞ்சின் உறுமுவது பெரும்பாலும் பிரயாணிகளுக்கான ஓர் அறிவிப்பு: 'இதோ புறப்படப் போகிறோம், ஏறுங்கள்' என்பது அதன் பொருள். புறப்படுவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கலாம். சாரதி தேநீர்க் கடையில் இருக்கலாம். ஆயினும் உறுமும் பஸ்ஸிலேயே சனம் ஏறும், அணைந்து கிடக்கும் பஸ்ஸை நம்பாது. ஆகவே அந்தப் புகையில் ஒரு பொய் கலந்திருக்கிறது. அந்தப் பொய்யைச் சாரதி சொல்கிறான், அவசரப்படும் பிரயாணி அதை அவனிடம் கேட்டு வாங்குகிறான். இதிலே எவனைக் குற்றவாளியாக நிறுத்துவது? சாரதியை மாத்திரம் தண்டிக்கும் சட்டம் பாதி நியாயத்தையே செய்யும்.

தண்டம் விதிக்கும் தேசங்கள் உண்டு. சிங்கப்பூரில் காரணமின்றி எஞ்சினை ஓடவிட்டு நிற்பது குற்றம். இங்கிலாந்திலே 2002 இல் வந்த விதிப்படி உள்ளூர்ச் சபைகள் 20 பவுண் தண்டம் அறவிடலாம். ஆனால் அதிகாரி முதலில் வந்து அணைக்கும்படி கேட்க வேண்டும், கேட்டும் மறுத்தால்தான் குற்றம். இந்த ஒழுங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடுமையான சட்டமுங்கூட முதலில் வேண்டுகோளாகவே வாய்திறக்கிறது. தில்லி அரசோ 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியை அணைக்குமாறு தொண்டர்களை நாற்சந்திகளில் நிறுத்தி, தண்டமின்றி வேண்டிப் பார்த்தது. பதாகை பிடித்தவர் நிற்கும்வரை பலர் அணைப்பர். அவர் போன மறுநாள் அணைப்பவரே கல்வி பெற்றவர்.

குடாநாட்டில் தண்டத்துக்கு வேறொரு சங்கடமும் உண்டு. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து மறுபுறம் ஏறிப் பழகிய தலைமுறைகளுக்கு, வீதியோரத்தில் கையை நீட்டி வண்டியை மறிக்கும் சீருடை எதுவும் நடுநிலையான நியாயத்தின் உருவமாகத் தோன்றுவதில்லை. அற்பக் காரியங்களிலெல்லாம் அந்தக் கைக்கு மேலும் அதிகாரம் கொடுத்தால், புகை குறைவதற்கு முன் மனக்கசப்பு வளரும். ஏழை ஓட்டோக்காரன் கட்டுவான், செல்வாக்குள்ளவன் தொலைபேசியில் பேசித் தப்புவான். தண்டத்தைவிட, விடாமல் சொல்லப்படும் சொல்லே இங்கே வேர்விடும். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கம் ஒரு நாளோடு நின்றுவிடாமல் வெள்ளிதோறும் தொடர்ந்தபடியால்தான் ஊரின் ஒழுக்கத்தைத் தொட்டது என்பதை இந்த மண் அறியும்.

ஆயினும் உபதேசத்தை எல்லாவற்றுக்கும் மருந்தென்று கொள்வது சட்டத்தின் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழியாகவும் முடியும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது உபதேசம் எவருக்கு உதவியிருக்கும்? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது, அது சரியே. தீமை செய்பவன் பாதிக்கப்பட்டவனின் முகத்தைக் காணாத இடத்தில், அல்லது கண்டும் இலாபத்தினால் பார்வை மறைக்கப்பட்ட இடத்தில், சட்டம்தான் பேச வேண்டும். பாடசாலை வாசலில் நிற்கும் தகப்பனோ அத்தகையவனல்லன். அவன் வண்டியின் புகைக்குழல் உயரத்தில் நிற்பது அவனுடைய பிள்ளையின் முகமும் அயல்வீட்டுப் பிள்ளையின் முகமும். முகம் காணும் இடத்தில் சொல்லுக்கு முதலிடம் கொடுப்பதே நியாயம். வைத்தியசாலை வாசல் இதற்கு விலக்கு: அங்குள்ளோர் எழுந்துவந்து வேண்டிக்கொள்ள இயலாதவர்கள், அவர்களுக்காக ஒரு சிறு விதி இருப்பதில் எவருக்கும் மானக்கேடு இல்லை.

அந்தச் சொல்லை யார் சொல்வது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பெற்றோரைத் திருத்துவது பலருக்கும் பிடித்த உபாயம். ஆனால் பின்னிருக்கையில் இருந்துகொண்டு தகப்பனைக் கண்காணிக்கும் ஒற்றனாகப் பிள்ளையை ஆக்குவது கல்வியாகாது, அது வேறுவிதத் தண்டமே. பிள்ளைக்கு நுரையீரலைப் பற்றிச் சொல்லலாம். தகப்பனுக்கு ஆசிரியரும், சாரதிப் பயிற்சி கொடுப்பவரும், கோயில் சபையாரும், அவனுக்குச் சமமாக நின்று சொல்ல வேண்டும். பஸ் நிலையத்திலோ சொல்லைவிட முன்னே செய்ய வேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது: புறப்படும் நேரத்தைப் பலகையில் எழுதி, நேரக்கணிப்பாளர் அந்த நிமிஷத்திலேயே பஸ்ஸை அனுப்பிவைப்பாராயின், உறுமாத பஸ்ஸிலும் சனம் ஏறும்.