மரபும் வாக்குறுதியும்

ஒருவரை அவர் பிறந்த குடியால் அறிவதா, அவர் ஏற்றுக்கொண்ட கடமையால் அறிவதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கணினி நிரலாக்கத்திலும் அவ்வினா வேறோர் உருவில் எழுகின்றது.

1967இல் ஒஸ்லோவில் டால், நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழி, வகுப்பு, மரபுரிமை ஆகிய கருத்துக்களை நிரலாக்கத்துக்கு அளித்தது. 1995இல் வெளிவந்த ஜாவா மொழி ஈண்டு இரு வழிகளை முன்வைத்தது. ஒன்று அருவ வகுப்பு. அது சில செயல்களை முடித்தும் சிலவற்றை முடிக்காதும், தனக்குரிய மாறிகளுடன் வழித்தோன்றல்களுக்குக் கையளிக்கும். மற்றையது இடைமுகம். அது செயல்வடிவம் எதனையும் அன்று வழங்கவில்லை. இன்னின்னவற்றை ஆற்றுவேன் என்ற வாக்கை மட்டுமே வேண்டி நின்றது. ஜாவாவில் ஒரு வகுப்புக்குத் தாய் ஒருத்தியே, வாக்குகளோ பலவாகலாம்.

மரபுரிமை உழைப்பை மிச்சப்படுத்தும். ஆயின் வேண்டாதனவும் உடன்வரும். ஜாவாவின் ஸ்ராக் என்னும் அடுக்கு இதற்குச் சான்று. இறுதியில் வைத்ததையே முதலில் எடுத்தல் அடுக்கின் இலக்கணம். எனினும் அது வெக்டர் என்னும் வகுப்பின் வழிவந்தமையால், நடுவே ஒன்றைச் செருகும் உரிமையும் அதற்கு வந்து சேர்ந்தது. தன் இயல்பையே மறுக்கும் முதுசொம் அது.

அவ்வாறெனின் வாக்குறுதி குறையற்றதா? பலர் ஏற்றுவிட்ட இடைமுகத்தில் பின்னர் ஒரு செயலைச் சேர்ப்பின், அதனை அறியாத வகுப்புகள் யாவும் வாக்குத் தவறியனவாகிவிடும். இவ்விடரை நீக்கவே 2014இல் ஜாவா 8, இடைமுகத்துள்ளும் செயல்வடிவம் எழுத இடமளித்தது. இருவகைக்கும் இடைப்பட்ட எல்லை அதனால் ஒடுங்கிற்று. ஆயினும் பொருளுக்குப் பொருள் வேறுபடும் நிலையை இடைமுகம் இன்றும் தாங்குவதில்லை.

எதனைத் தெரிவு செய்வது? ஜாவாவின் நூலகமே ஒரு விடையைத் தருகின்றது. அங்கே பட்டியல் என்னும் இடைமுகம் கடமையைக் கூறும். அதற்குத் துணையான அருவ வகுப்போ, பட்டியலின் அளவைக் கூறல், குறித்த இடத்து உறுப்பைத் தரல் ஆகிய இரண்டை மட்டும் நாம் எழுதினால், வாசிப்புக்கு வேண்டிய ஏனையவற்றைத் தானே நிறைவேற்றும். அவ்வுதவியை ஏற்றலும் விடுத்தலும் எழுதுவோர் விருப்பம். எவர் வழிவந்தது என்று எவரும் வினவார். வாக்கு உண்டா என்பதே வினா. கடமையைப் பொதுவாக்கி, மரபை உதவியாக மட்டும் நிறுத்துதலே தக்கது என்பது எமது துணிபு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தொகுப்பி சோதிப்பது வாக்கின் வடிவத்தையே. அளவைத் தருவேன் என்று கூறிப் பிழையான எண்ணைத் தரும் வகுப்பையும் அது தடையின்றி ஏற்றுக்கொள்ளும். சொல்லின் பொருளைக் காப்பது எழுதுவோரின் நேர்மையன்றி வேறில்லை.