ஒண்ணுமில்லாத இடம்

திருச்சியிலிருந்து வந்திருந்த என் மச்சினர் மகன் டிக்கெட் எடுத்து முடித்த பிறகுதான் என்னிடம் சொன்னான். ஒரு நாள் சுற்றுலா. காலையில் கோலாலம்பூரின் பழைய பகுதியை நடந்து பார்ப்பது, பிற்பகலில் பஸ்ஸில் இரட்டைக் கோபுரமும் புத்ராஜெயாவும். "உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன் மாமா" என்றான். செரண்டாவில் பிறந்து அறுபத்திரண்டு வயதான ஒருவனுக்கு, நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் நகரத்தைக் கூலிக்கு ஆள் வைத்துக் காட்டுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போட்ட காசு வீணாகக் கூடாதே என்று கிளம்பினேன்.

கொமுட்டர் ரயிலில் ரவாங், குவாங், சுங்கை பூலோ என்று நிலையங்கள் நகர்ந்துகொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த கோலாலம்பூரை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து மருந்துக்காரர் கைவிரித்தால் பெரிய ஆஸ்பத்திரி. தீபாவளிக்கு முன்னால் மஸ்ஜித் இந்தியா. தைப்பூசத்துக்குப் பத்துமலை. முன்பெல்லாம் தெற்கே யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போனால் புடுராயா பஸ் நிலையம். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரியம், கையில் ஒரு பை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரம். பை வைத்திருப்பவன் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அன்று அண்ணாந்து பார்த்தேன். மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் நிழலில் எத்தனையோ முறை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அது 1897-ல் கட்டி முடிக்கப்பட்டது, விக்டோரியா அரசியின் வைர விழா அணிவகுப்பின்போதுதான் அதன் கடிகாரம் முதன்முதலில் மணியடித்தது, சுவர்களுக்குள் சுமார் 40 லட்சம் செங்கற்கள் இருக்கின்றன என்று வழிகாட்டி அடுக்கினான். கிள்ளான்காரப் பையன், முப்பது வயது இருக்காது, நம் தமிழ்ப் பிள்ளை. ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினான். 1881-ல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரமும் அத்தாப்புக் கூரையுமாய் இருந்த ஊர் அழிந்துபோனது, இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று வெள்ளைக்காரர்கள் உத்தரவு போட்டார்கள், அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ் என்றான். பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிட்ட வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கணக்கில்லை. அந்தப் பெயருக்குள் செங்கல் இருப்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்து இரண்டு ஆறுகள் கூடும் முனையில் மஸ்ஜித் ஜாமெக், 1909. ஆர்தர் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர் வரைந்தது. அடுத்த ஆண்டு எழுந்த ரயில் நிலையமும் அவர் கைவண்ணமே. குவிமாடங்களும் வளைவுகளும் வட இந்திய மொகலாயப் பாணி என்று பையன் விளக்கினான். எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கே கப்பல் ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமத்தார். டில்லியையோ ஆக்ராவையோ படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்டவாளம் போட வந்த ஆளுக்கு அந்த நிலையத்தைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்காது.

துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயில் வாசலில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். 1873-ல் அந்தக் கோயிலை ஏற்படுத்திய தம்புசாமிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த பையன், அவரும் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் சேர்ந்து 1894-ல் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்காக மின்சாரம் கொண்டுவந்தார்கள் என்றான். மச்சினர் மகன் என் பக்கம் திரும்பி, "ரவாங் நம்ம பக்கத்து ஊர்தானே மாமா?" என்றான். ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்போலத் தலையாட்டினேன். எங்கள் தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன் நான். சில மைல் தூரத்தில், என் தாத்தா இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, மின்விளக்கு எரிந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்லக் கிள்ளானிலிருந்து ஒரு பையன் வர வேண்டியிருந்தது.

இரட்டைக் கோபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 88 மாடி, 452 மீட்டர், கழுத்து வலி. அந்த இடத்தில் முன்பு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது என்று பையன் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

புத்ராஜெயாவுக்குள் பஸ் நுழைந்தது. அகலமான சாலைகள், செயற்கை ஏரி, ரோஜா நிறப் பள்ளிவாசல், பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம். 1999-ல் அரசாங்கம் இங்கே குடிவரத் தொடங்கியது, 2001-ல் கூட்டரசுப் பிரதேசமானது. பையன் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னான்: "இதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் எஸ்டேட்தான்."

பஸ்ஸில் யாரும் நிமிரவில்லை. ஜெர்மானியத் தம்பதி ஏரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த 'ஒண்ணுமே இல்ல'வுக்குப் பெயர் உண்டு. பிராங் பெசார், கல்லவே, மெடிங்லி, செட்ஜ்லி. நான்கு தோட்டங்கள். 'பெரும் போர்' என்று மலாயில் பொருள்படும் பிராங் பெசாரை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய வீரர்கள் 1921-ல் தொடங்கினார்கள். அங்கே பொறுக்கியெடுத்து உருவாக்கிய ரப்பர் ரகங்களுக்குப் 'பி.பி.' என்றே பெயர். பி.பி. 86, பி.பி. 260 என்று கேரளம், வியட்நாம் வரைக்கும் போய் வேர்விட்டன. எங்கள் தோட்டத்தில் காட்டு முகப்பில் வைத்த பலகையில், மரம் நட்ட வருஷத்துக்குக் கீழே 'பி.பி. 86' என்று எழுதியிருக்கும். அப்பா அதைப் 'பீபி மரம்' என்பார், ஏதோ சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல. அந்த நான்கு தோட்டங்களில் இருந்த தொழிலாளர் குடும்பங்களை டெங்கில் பக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். குதிரை ஓடிய திடல் 'இருந்தது'. மனிதர் நான்கு தலைமுறை வாழ்ந்த இடம் 'ஒண்ணுமே இல்ல'.

தேநீருக்கு நிறுத்தியபோது பையனைப் பிடித்துக்கொண்டேன். சண்டை போடும் எண்ணம்தான். தே தாரிக்கை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, உங்க தாத்தா எங்க வேலை செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"எஸ்டேட்லதான் அங்கிள். பந்திங் பக்கம்னு அப்பா சொல்வாரு. எந்த எஸ்டேட்னு தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் சொன்னதில்ல" என்றான்.

எனக்குச் சண்டை போடும் தெம்பு போய்விட்டது. அதற்கு அவன் முகம் மட்டும் காரணமில்லை. பத்து நாளைக்கு முன்னால், ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, மச்சினர் மகன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "செரண்டாவில என்ன மாமா பார்க்க இருக்கு?" என்று கேட்டான். நான் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் சொன்ன பதில்: "இங்க ஒண்ணுமில்லப்பா. வேணும்னா கே.எல். போய்ப் பாரு." அதைக் கேட்டுத்தான் அவன் அந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்தான்.

வழிகாட்டி என்றால் காட்டப் பணம் வாங்குகிறவன். எதைக் காட்டுவது என்று அவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? தோட்டத்தைவிட்டு வெளியே வந்ததைத்தான் எங்கள் தலைமுறை முன்னேற்றம் என்று நினைத்தது. பிள்ளைகளிடம் அட்டையையும் பாம்பையும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வசவையும் சிரிப்புக்காகச் சொன்னோம். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் எந்த நிரையில் பால்மரம் வெட்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மச்சினர் மகன் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். அம்மாவுக்கு எண்பத்தைந்து. பன்னிரண்டு வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்தவர். எங்கள் தோட்டம் முதலில் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. முனியாண்டி கோயிலும் ஒரு தூங்குமூஞ்சி மரமும் மட்டும் பாக்கி. மரத்தடியில் காரை நிறுத்தச் சொன்ன அம்மா, இறங்கி, முட்டி வலியை மறந்து முன்னால் நடந்தார்.

"இது பெரட்டுக்களம். காலையில அஞ்சு மணிக்குப் பேர் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டுவாங்க. அந்தா, அந்த வெள்ளைக் காரு நிக்குதே, அதுதான் ஆயாக்கொட்டகை. இவன் அங்கதான் தொட்டில்ல கெடந்தான்." மச்சினர் மகன் வெள்ளைக் காரைப் படம் எடுத்தான். "தண்ணிக் குழாய் இங்க. பதினாறு குடும்பத்துக்கு ஒரே குழாய். உங்க தாத்தா என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இந்தக் குழாயடியிலதான் நான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்." எனக்கே இது தெரியாது.

குழாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டின் கதவும் தபால்பெட்டியும். நாங்கள் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்மணி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் பதிலைக் கோத்து முடிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், சிரித்த முகமாகச் சொன்னார்:

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பார்க்க வந்தோம்."