கேளாதவருக்கும் சொல்ல வேண்டுமா?

பழைய கார் ஒன்றை விற்கும்பொருட்டு அதனைத் துடைக்கத் தொடங்கியபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதனை நம் இதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். எழுபது வயதைக் கடந்த பள்ளியாசிரியை ஒருத்தி கார் துடைப்பதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் புன்னகைக்கக் கூடும். சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

என் கணவர் ஓட்டிவந்த சிறிய கார், அவர் மறைந்தபின் ஈராண்டுக் காலம் எங்கள் திருத்தணி இல்லத்தின் முற்றத்தில், தகரக் கொட்டகையின்கீழ் நின்றது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே செல்வதால் புழுதிக்குக் குறைவில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மகளோ வெளியூரில் இருக்கிறாள். எனவே விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

ஓட்டுநரின் முன்னே அமைந்த முகப்புப் பலகையை டேஷ்போர்டு என்கிறோம். அச்சொல் குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு வாரியிறைக்கும் சேறு, வண்டியில் அமர்ந்தோர்மேல் படாதிருக்க முன்புறம் நிறுத்திய பலகைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. குதிரை போயிற்று, பலகை பிளாஸ்டிக் ஆயிற்று, பெயர் மட்டும் நின்றது. எங்கள் காரின் பலகையில் இருவகைக் கீறல்கள் இருந்தன. மீட்டர்களை மூடியுள்ள ஒளிபுகும் தகட்டில் சிலந்தி வலைபோல் படர்ந்த நுண்கீறல்கள் ஒருவகை. இடப்பக்கம், அமர்பவரின் முழங்காலுக்கு நேரே, சொரசொரப்பான பகுதியில் ஆழப் பதிந்த மூன்று வெண்கோடுகள் மற்றொரு வகை.

முதல் வகைக்கு நானே காரணம். உலர்ந்த துண்டால் நாள்தோறும் துடைத்தால் தூய்மை என்று எண்ணியிருந்தேன். புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணற்பொடி. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்துவரை வரிசைப்படுத்திக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் மோஸ், ஆண்டு 1812. அவ்வரிசையில் மணலின் குவார்ட்ஸ் ஏழாம் இடத்தில் உள்ளது. பிளாஸ்டிக்கோ அதற்கு மிகவும் தாழ்ந்து நிற்கும். ஆகவே உலர்ந்த துணியால் துடைத்த ஒவ்வொரு முறையும் நான் உப்புத்தாள் கொண்டு தேய்த்தவளே ஆனேன். முதலில் மென்தூரிகையால் தூசியைத் தட்டி, பிறகு சோப்பு கலந்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். தின்னர், பெட்ரோல் ஆகியவை அருகில் வரவே கூடாது. ஒளிபுகும் தகட்டில் அவை நுண்வெடிப்புகளை உண்டாக்கிவிடும்.

நுண்கீறல்களைப் போக்கும் வழி எளிது. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப இயலாது; சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அளவுக்குத் தேய்த்து இறக்கலாம். எங்கள் தெருவின் கார் பழுதுபார்க்கும் தம்பி, அதற்கெனவுள்ள மெருகுப்பசையைப் பஞ்சுத்துணியில் தொட்டு, சிறு வட்டங்களாகப் பொறுமையுடன் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தார். பற்பசையும் ஓரளவு உதவும். (நம் இல்லத்தார்க்கு ஒரு சொல்: மெருகு மெழுகு வாங்கும்போது அதில் தேன்மெழுகு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு கிடைக்கிறது.) இரண்டு பிற்பகல்கள் தேய்த்தபின் வேகமானியின் எண்கள் தெளிந்தன. என் கையால் வந்த கேட்டினை என் கையாலேயே நீக்கியதில் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன். இதில் மறைப்பு ஏதுமில்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு எண் தெரிய வேண்டும், தெரியச் செய்தேன்.

இடர்ப்பாடு அந்த மூன்று வெண்கோடுகளில்தான் தொடங்கியது.

2016ஆம் ஆண்டு, வந்திருந்த உறவினரை மலைக்கோயிலுக்கு அழைத்துச் சென்று திரும்புகையில், இறக்கத்தின் வளைவொன்றில் என் கணவர் வண்டியைப் பக்கச் சுவரில் இடித்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. என் மடியிலிருந்த எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் பாய்ந்து பலகையைக் கிழித்தது. அக்கோடுகளே அவை. வண்டியின் முன்புறம் இடப்பக்கச் சட்டம் வளைந்து, பட்டறையில் நிமிர்த்தப்பட்டது. வெளித்தகட்டை மாற்றி வண்ணம் பூசிவிட்டனர். அன்று நடந்ததற்குச் சான்று பலகையின் கோடுகள் மட்டுமே.

தரகர் வந்து பார்த்தார். நல்லவர், நான்கு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். “அம்மா, இந்தக் கோடு இருந்தால்தான் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சிலிக்கான் பூச்சு அடித்தால் பளபளவென்று ஆகிவிடும். அப்படியும் தெரிந்தால், அடிவாரக் கடையில் வேல் படம் பதித்த பலகை ஒன்று வாங்கி மேலே ஒட்டிவிடலாம். கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?” என்றார்.

வேலனைக் கீறலுக்கு மறைப்பாக்குவது அம்மலையின் அன்பர்களுக்கே உவப்பாயிராது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பூச்சின் இயல்பைச் சொல்ல வேண்டும். வெண்கோட்டின்மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள், கோடு மறையும். பள்ளத்தின் கரடுமுரடான விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெண்மையாகத் தெரிகிறது. நீர் நிறைந்ததும் சிதறல் நின்றுவிடுகிறது. உலர்ந்தவுடன் கோடு மீளும். சிலிக்கான் பூச்சும் தேங்காயெண்ணெயும் செய்வது அதையே, சில நாள் கூடுதலாக. தவிரவும், அப்பளபளப்பு உச்சி வெயிலில் முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். சொரசொரப்பான பகுதியைத் தேய்த்து மெருகேற்றவும் வழியில்லை. அதன் வரிவடிவம் அழிந்து வழுக்கைபோல் ஆகிவிடும். ஆக, அந்த மூன்று கோடுகளைச் சீர்செய்ய இயலாது. மறைக்க மட்டுமே இயலும்.

இருந்தும் தரகரின் கேள்வி என்னை விடவில்லை. மருமகன் வழக்கறிஞர்; தொலைபேசியில் கேட்டேன். “அத்தை, சட்டம் பெரும்பாலும் தரகர் பக்கம்தான்” என்று சிரித்தார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் வஞ்சனை இன்னதென்று வரையறுக்கிறதாம். அதற்கு எடுத்துக்காட்டாக வருவது ஒரு குதிரை. ஒருவர் தம் குதிரை நோயுள்ளது என்றறிந்தும், ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் இன்னொருவருக்கு விற்கிறார். அது வஞ்சனையன்று. ஆனால் வாங்குபவர் அவருடைய மகளாக, அப்போதுதான் உரிய வயதை எய்தியவளாக இருந்தால், சொல்வது அவர் கடமை. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருக்கிறது என்றே கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் வாய் திறவாதிருந்தால், அம்மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்று குதிரைகளும் இரவெல்லாம் என் மனத்தில் ஓடின. மகளுக்குச் சொல்ல வேண்டும், அயலாருக்கு வேண்டியதில்லை. உலகியலை நன்கறிந்தவர் எழுதிய சட்டம் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொருவரிடமும் எல்லாவற்றையும் சொல்லித் தீர வேண்டுமென்றால் சந்தை நடவாது. துண்டால் தேய்த்து நான் உண்டாக்கிய நுண்கீறல்களின் கதையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

நம் நூல்கள் இதனை எங்கே வைத்துள்ளன என்று எண்ணிப் பார்த்தேன். வாய்மை என்னும் அணுவிரதத்தைக் கொண்டு தரகரை மடக்க முடியாது. அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், களவாமையின் வழுக்களுள் ஒன்றாகப் ‘பிரதிரூபக வியவகாரம்’ என்பதைக் கூறுகிறது. போலியை மெய்ப்பொருள்போல் காட்டி நடத்தும் வாணிகம் என்று பொருள். பொன் போன்ற போலியைப் பொன்னென்று விற்பதை உரைகாரர் எடுத்துக் காட்டுவர். இது பொய்யின்கீழ் வராமல் களவின்கீழ் வருவதை இத்தனை ஆண்டுகள் படித்தும் நான் ஊன்றிக் கவனித்ததில்லை. இடிபடாத வண்டிக்குரிய விலையை இடிபட்ட வண்டிக்குப் பெற்றால், நடுவே உள்ள தொகை யாருடையது? அது வாங்கியவரின் பையிலிருந்து எடுத்ததே. நான் வாய் திறந்தேனா, மூடியிருந்தேனா என்பதனால் அத்தொகை என்னுடையது ஆகிவிடாது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்து நினைவு ஒன்றும் வந்தது. பிள்ளைகள் தவற்றை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். ஒரே கோடிட்டு அடித்து, அருகில் சரியானதை எழுதச் செய்யுங்கள் என்று எங்கள் முதல்வர் கூறுவார். பதிவேட்டில் பிளேடால் சுரண்டிய இடம் கண்டால் அவர் முகம் சிவக்கும். பிழை படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், திருத்தமும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முப்பத்தைந்து ஆண்டுகள் நானும் அதையே பிள்ளைகளிடம் வற்புறுத்தினேன்.

அந்த வாரமே பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வந்தார். பலகையைச் சோப்பு நீரால் கழுவியிருந்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. “டீச்சர், எங்கள் அம்மா உங்களிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்கள். உங்கள் வீட்டு வண்டி என்றதும் வேறு எங்கும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்” என்றார். தரகர் என்னைப் பார்த்தார். நான் 2016ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லி, பட்டறையின் ரசீதையும் எடுத்து வைத்தேன். இளைஞர் மறுநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து அடிப்புறத்தைப் பார்க்கச் செய்தார். சக்கரங்களின் நேர்மையை அளக்கச் செய்தார். பேசிய விலையில் எட்டாயிரம் ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார். தரகர் தம் கூலியைக் குறைவின்றிப் பெற்றும் இரண்டு நாள் என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. இளைஞரின் மனைவி புறப்படும்போது, “இந்தக் கோடுகளை அழிக்க மருந்து ஏதும் இல்லையா டீச்சர்?” என்றாள். இல்லை அம்மா என்றேன்.

இவ்வளவும் எழுதியபின் எனக்கு நானே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வந்தவர் என் மாணவியின் மகன். சட்டம் கூறும் மகளின் இடத்தில் வந்து நின்றவர். அறிமுகமில்லாதவர் வந்திருந்தால் அந்த ரசீதை எடுத்து வைத்திருப்பேனா?

இதற்கு விடை முன்னரே ஒருமுறை கிடைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தை விற்றோம். அதன் மேற்கை விரிசல் விட்டு, பற்றவைத்து, கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்து வந்த தெலுங்கு பேசும் பெண்மணி ஒருவர் அதனை வாங்கினார். தைத்துப் பிழைக்கப் போவதாகச் சொன்னார். ஊசி ஓடுகிறதா என்று மட்டும் மிதித்துப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை, எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரிந்தும் நானும் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.