எவ்வளவு உதவி போதும்?

1990இல் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் விற்பனைக்கு வந்தபோது விமர்சகர்கள் சிலர் அதில் கண்ட குறை விசித்திரமானது. ஓட்டுவதற்கு அது ரொம்பச் சுலபமாக இருந்ததாம். அந்தக் காலத்து இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கிளட்ச் காலை ஒடிக்கும். சூடேறும்வரை கியர் முரண்டு பிடிக்கும். பின்னால் என்ன வருகிறதென்று சரியாகத் தெரியாது. இத்தனையையும் அடக்கி ஓட்டுவதுதான் வீரம் என்று ஒரு கூட்டம் நம்பியது. கடைக்குப் போகவும் பந்தயத் தளத்தில் சுற்றவும் ஒன்றுபோல் ஒத்துழைத்த இந்த ஜப்பானியக் கார் அவர்களுக்கு உயிரில்லாத பொருளாகத் தோன்றியது.

இன்று அதே கார், மனிதனும் எந்திரமும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட பொற்காலத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. 2016இல் அதே பெயரோடு வந்த அடுத்த தலைமுறையைப் பார்த்து ‘இதை ஓட்டுவது நாமா, கணினியா?’ என்று கேட்பவர்கள் பழையதைத்தான் கைகாட்டுகிறார்கள்.

இரண்டையும் நான் ஓட்டியதில்லை. ஓட்டும் வாய்ப்பு வரும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கார்களைத் தாண்டிய ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு உதவி வாங்கிக்கொண்டால் ஒரு காரியம் நம்முடையதாகவே இருக்கும்? எந்த இடத்தில் அது கைமாறிவிடுகிறது?

அவரவர் பழகிய காலமே எல்லைக்கோடு என்று சொல்லி இதை முடித்துவிடலாம். மூச்சைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பழகியவருக்குப் பவர் ஸ்டீயரிங் சொகுசு. அதில் பழகியவருக்கு ஆட்டோமேட்டிக் கியர் சோம்பேறித்தனம். இதில் உண்மை உண்டு. ஆனால் என்எஸ்எக்ஸ் விஷயத்தில் இந்தப் பதில் போதவில்லை. இரண்டு கார்களுமே ஓட்டுபவருக்கு உதவத்தான் செய்கின்றன. உதவுகிற விதம்தான் வேறு.

ஷிகெரு உஎஹாரா தலைமையில் பழைய காரை உருவாக்கியவர்கள், சிரமத்துக்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் களைந்தார்கள். உடற்கூட்டை அலுமினியத்தில் செய்ததால் எடை சுமார் 1,350 கிலோவில் நின்றது. எஃப்-16 போர் விமானத்தில் விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை மனத்தில் வைத்து, இருக்கைகளை முன்னுக்குத் தள்ளி, பார்வைக்கு மறைப்பில்லாமல் அமைத்தார்கள். 3 லிட்டர் வி6 எஞ்சினின் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்ததால் அது நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை தயங்காமல் ஏறியது. கையால் கியர் போடும் வகையில் தொடக்கத்தில் பவர் ஸ்டீயரிங்கூட இல்லை. சக்கரம் வழுக்காமல் தடுக்கும் மின்னணுக் கருவிகள் இருந்தன. ஆனால் அவை ஆபத்துக்குக் காவல் நின்றன, காரை ஓட்டவில்லை.

1989இல் சுஸுகா தளத்தில் மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா, கார் கொஞ்சம் வலுக்குறைவாகத் தெரிகிறது என்ற பொருளில் கருத்துச் சொன்னார். அதன்பின் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து உடற்கூட்டை இறுக்கினார்கள். கூடு நெளிந்து கொடுத்தால், சாலை சொல்லும் சேதி ஓட்டுபவரின் கைக்கு வருவதற்குள் குழம்பிவிடும். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மரே, என்எஸ்எக்ஸை ஓட்டிய பிறகு, அதுவரை அளவுகோலாக வைத்திருந்த மற்றக் கார்களெல்லாம் மனத்தைவிட்டுப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார். தானும் ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டினார்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் தயாரான புதிய காரின் எடை 1,700 கிலோவுக்கு மேல். இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் எஞ்சின், மூன்று மின்மோட்டார்கள், மொத்தம் 573 குதிரைத்திறன்: பழையதைப் போல் இரண்டு மடங்கு. ஒன்பது கியர்களும் தாமே மாறும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை ஒரு மோட்டார் இழுக்க, உட்பக்கச் சக்கரத்தை மற்றொன்று மட்டுப்படுத்த, கார் வளைவுக்குள் தானாகப் புகுவதுபோல் திரும்பும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் பிரேக். சாதாரணமாக ஓட்டும்போது, நாம் மிதிக்கும் பெடலுக்கும் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. எவ்வளவு மிதிக்கிறோம் என்று கணினி அளந்து, மின்மோட்டாருக்கும் பிரேக்குக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. காலில் நாம் உணரும் அழுத்தம் அதற்கென்றே வைத்த ஒரு கருவி தருவது. பொறியியலில் இது அருமையான வேலை. ஆனால் ‘நான் நிறுத்தினேன்’ என்கிற உணர்வையும் கார்தான் தயாரித்துத் தருகிறது.

பழைய கார் நடப்பதைத் தெளிவாகக் காட்டி உதவியது. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் நழுவப் பார்க்கும். தவறு யாருடையது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அடுத்த வளைவில் திருத்திக்கொள்ளலாம். புதிய கார், தவறு வெளியே தெரியுமுன் அதைத் தான் வாங்கிக்கொண்டு உதவுகிறது. வளைவைக் கடந்துவிட்டோம் என்பது தெரியும். அதில் நம் பங்கு எவ்வளவு என்பது தெரியாது. முன்னது தேர்ச்சியை வளர்க்கிறது. பின்னது தேர்ச்சியின் பலனை மட்டும் கையில் கொடுக்கிறது.

பலன் மட்டும் போதும் என்கிற இடங்களும் உண்டு. மழை இரவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவர் பாடம் கற்கக் கிளம்பியவர் அல்ல. அவருக்குத் தவறை வாங்கிக்கொள்ளும் கார்தான் நல்ல கார். தன் கைத்திறனில்தான் இறங்குவேன் என்று அவர் அடம்பிடித்தால் அது வெறும் அகம்பாவம்.

எங்கள் வீட்டில் அப்பாவின் மின்கட்டணத்தை நான்தான் கைபேசியில் கட்டுகிறேன். அதைக் கற்றுக்கொள்ளும் ஆசை அவருக்கு இல்லை. இந்த வயதில் அவசியமும் இல்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அவளேதான் நிரப்புகிறாள். நான் நிரப்பினால் சீக்கிரம் முடியும், பிழையும் இராது. ஆனாலும் எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள், தப்பினால் என்ன ஆகும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, செய்து கொடுப்பதைவிடக் கடினம். இரண்டும் உதவிதான், இரண்டுக்கும் இடம் உண்டு.

இடமில்லாத உதவி மூன்றாவது ஒன்று. மகள் எழுதிய கட்டுரையை நானே முழுக்க மாற்றி எழுதிவிட்டு, ‘பிரமாதமாக எழுதியிருக்கிறாய்’ என்று தட்டிக்கொடுப்பது. வேலையும் என்னுடையது, அவள் அடையும் பெருமிதமும் நான் செய்து கொடுத்தது. அடுத்த கட்டுரைக்கு உட்காரும்போது தன்னால் எது முடியும், எது முடியாது என்றே அவளுக்குத் தெரியாது. மின்கட்டணத்தில் இந்த ஆபத்து இல்லை. கட்டியது யார் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே உதவியின் அளவைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். எது யார் செய்த வேலை என்கிற கணக்கு கலங்காமல் இருந்தால், எவ்வளவு உதவியும் நம்மைச் சிறுமைப்படுத்தாது. யாராவது புதிய என்எஸ்எக்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினால் மறுக்காமல் ஏறிக்கொள்வேன். இறங்கிய பிறகு, அந்த வளைவில் அவ்வளவு அழகாகத் திரும்பியது கார்தான் என்று சொல்லிக்கொள்ளும் நாணயம் இருந்தால் போதும்.