இரண்டு கதவுகள்

பீளமேட்டுக் கல்லூரி மாணவர் சிலர் மேசைக் கதையாட்டம் பற்றி நம்மிடம் வினவினர். 1974இல் அமெரிக்காவில் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழி வந்தது அது. ஒருவர் கதையுலகை நடத்துவார். ஏனையோர் பாத்திரங்களாகிப் பகடை உருட்டுவர். (பகடை ஆகுமா என்பது வேறு மஸ்அலா.) ஆடுவோர் ஒரு கதவைத் தவிர்த்து மறு கதவைத் திறந்தால், அரக்கனை அங்கே மாற்றி நிறுத்த நடத்துபவருக்கு உரிமை உண்டா?

பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதி, சதுரங்கத்தை மனிதனின் இக்தியாருக்கும், நர்து எனும் பகடையாட்டத்தை ஜபருக்கும் ஒப்பிட்டோரைக் குறிப்பிடுகிறார். நம் பரமபதமும் நர்து வகையே. கதையாட்டத்தில் இரண்டும் கலந்துள்ளன. கதவுக்கு அப்பால் இருப்பதை அமைப்பது நடத்துபவர் உரிமை; மறுக்கவில்லை. ஆனால் எதைத் திறந்தாலும் முடிவு ஒன்றே எனத் தீர்மானித்துவிட்டு, "தேர்ந்தெடுங்கள்" என்பது எடைக்கல்லை மறைத்து விற்பதன்றோ? கதை சுவைக்கவே அவ்வாறு செய்வதாகக் கூறுவர். அங்ஙனமாயின் கதையைச் சொல்லிவிடட்டும். பிறர் கையில் பகடையைக் கொடுப்பானேன்?