நோயாளியின் கோபம் பாவமா?



புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு ஒருமுறையேனும் கலங்காத குடும்பம் நம்மிடையே இன்று அபூர்வம். ஆகையால் இந்த வாரம் அந்த வியாதியைச் சேர்ந்த ஒரு சிறு காரியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். சிறு காரியம் என்றேன்; ஆனால் நடுச்சாமத்தில் விழித்துக் கிடக்கிறவர்களுக்கு அது மலைபோல் பெரிய காரியம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுத் தாய்க்கு மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறாள். அந்நாளிலும், அதை அடுத்த இரண்டு மூன்று நாளிலும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அந்த நாட்களில் இராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை. பன்னிரண்டு அடிக்கிறது, இரண்டு அடிக்கிறது; உடம்பு களைத்துக் கிடக்க, மனமோ நிற்காமல் ஓடுகிறது. எழுந்து அலமாரியை அடுக்குகிறாள். விடிந்ததும், காப்பியில் சர்க்கரை இல்லையென்று மகளிடம் சீறுகிறாள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதென்று வைத்தியர் சொன்னதால்தான் மகள் சர்க்கரை போடவில்லை. பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை ஓங்காதவள், இன்று பேரப்பிள்ளையின் முதுகில் அடித்துவிடுகிறாள்.

மாத்திரை முடிகிறது. மறுநாள் உடம்பு ஓய்ந்து, மனம் இடிந்து அழுகிறாள். "வியாதி என்னைக் கெட்டவளாக்கிவிட்டது. நன்மை வாங்க எனக்கு யோக்கியதை ஏது? அடுத்த முறை அந்த மாத்திரையைத் தொடமாட்டேன்" என்கிறாள்.

அவள் செய்தது பாவமா? இதுதான் நம் கேள்வி.

முதலாவது, மருந்தின் சங்கதியை அறிந்துகொள்வோம். நம் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற நீரைச் சுரக்கின்றன. அது விடியற்காலையில் ஏறி நம்மை எழுப்பிவிடுகிறது. இரவில் இறங்கித் தூங்கவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை அதே இனத்தைச் சேர்ந்தது. ஆனால் பலம் மிக அதிகம். உடம்புக்குள் நள்ளிரவிலும் விடியற்காலையை உண்டாக்கிவிடுகிறது என்று சொல்லலாம். 1948-ம் வருஷம் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதல் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 1950-ல் மூவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், மனதைக் கிளறும் என்பதை ஆரம்ப வருஷங்களிலேயே வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். அகோரப்பசி, நெஞ்செரிச்சல், முகவீக்கம், இரத்தத்தில் சர்க்கரை ஏறுதல், காரணமில்லாத உற்சாகம், காரணமில்லாத எரிச்சல், நிறுத்தியபின் சோர்வு: இவையெல்லாம் அந்த மருந்தின் வேலைகள்.

அப்படியானால் ஏன் கொடுக்கிறார்கள்? வாந்தியைத் தடுக்கிறது. சில கீமோதெரபி மருந்துகள் உடம்புக்கு ஒவ்வாமற் போகும் ஆபத்தைத் தடுக்கிறது. நிணநீர்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் ஸ்டீராய்டே வியாதியைத் தாக்கும் மருந்துகளில் ஒன்று. ஆகையால் மனம் கலங்கி அதைத் தானாக நிறுத்துவது புத்தியல்ல. வெகுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால், உறங்கிப்போன சுரப்பிகள் உடனே விழிக்காமல் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இரண்டாவது, நாம் சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவோம். ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பயம், பழக்கம், மனநிலையைப் பாதிக்கும் மற்றக் காரணங்கள் முதலியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை முற்றிலும் நீக்கிவிடலாம் என்று 1735-ம் எண்ணில் போதிக்கிறது. காய்ச்சலில் பிதற்றுகிறவனுடைய வார்த்தையை யாராவது பாவக்கணக்கில் எழுதுவார்களா? மூன்று இரவு தூங்காமல், இரத்தத்தில் மருந்து கொதிக்க, வாயிலிருந்து பாய்ந்துவிட்ட வார்த்தையும் அப்படித்தான். மனிதன் ஆத்துமம் மாத்திரமல்ல, சரீரமும்கூட. நம்மைப் படைத்த சர்வேசுரனுக்கு நம் சரீரத்தின் சங்கதி தெரியாதா?

ஆகையால் சகோதரியே, சகோதரனே, அந்த எரிச்சல் எழுந்ததற்காக உன்னை நீயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. தூக்கம் வராதது பாவமல்ல. நன்மை வாங்கப் பயப்படாதே. சந்தேகம் மனதை அரித்தால் சுவாமியாரிடம் சொல்லி ஆறுதலடைந்துகொள்.

"அப்படியானால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எதையும் பேசலாம், எவரையும் அடிக்கலாமோ?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருந்து நம் சுயாதீனத்தை நெருக்குகிறது, முழுவதும் பறித்துவிடுவதில்லை. எரிச்சல் பொங்கும் அந்த நிமிஷத்தில் அது மிகக் குறுகியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நம் கையில் கொஞ்சம் இடம் உண்டு.

முன்னே செய்யக்கூடியது என்ன? மாத்திரை நாட்கள் எவையென்று தெரியும். காலண்டரில் குறித்துவைத்து, "இந்த மூன்று நாளும் நான் நானாக இருக்கமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லலாம். பணத்தகராறு, சொத்துப் பேச்சு, கல்யாணப் பேச்சு ஒன்றையும் அந்நாட்களில் எடுக்காமலிருக்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டோடு காலையிலும், இரண்டாம் வேளை உண்டானால் நடுப்பகலிலுமாகச் சாப்பிடலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். இந்த ஒரு மாற்றத்தாலேயே பலருக்குத் தூக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு காப்பி, தேயிலையை விடலாம். கோபம் ஏறும்போது, "பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போகலாம்.

பின்னே செய்யக்கூடியது என்ன? மன்னிப்புக் கேட்பது. குற்றமில்லாதபோது மன்னிப்பு எதற்கென்றால், அடி விழுந்த முதுகு மருந்தின் நியாயத்தை அறியாது. தற்செயலாக ஒருவர் காலை மிதித்துவிட்டாலும், "மன்னிக்க வேண்டும்" என்கிறோம் அல்லவா? அது குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, சிநேகத்தைச் செப்பனிடுவது. அந்தப் பிள்ளையை மடியில் வைத்து, "பாட்டிக்கு உடம்பு சரியில்லை, உன்மேல் தப்பில்லை" என்று சொன்னால் போதும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். "இந்தக் கஸ்தியை வைத்தியரிடம் சொல்லாமல் சகித்தால்தானே புண்ணியம்?" என்று நினைக்கும் பக்தியுள்ள ஆத்துமங்கள் உண்டு. 1957-ம் வருஷம் பெப்ருவரி 24-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்குச் செய்த பிரசங்கத்தில், வலியைக் குறைக்க மருந்தை உபயோகிப்பது கிறிஸ்தவனுக்கு ஆகும் என்று தெளிவாகப் போதித்தார். தூக்கமின்மைக்கும் அதே நியாயந்தான். வைத்தியர் தூக்கத்துக்கு ஏதாவது கொடுத்தால் நன்றியோடு சாப்பிடு. அண்டை வீட்டார் கொடுத்தால் சாப்பிடாதே. காதில் குரல் கேட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தாலோ, விடியும்வரை காத்திராமல் வீட்டாரை எழுப்பு. ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகட்டும். அது பிசாசின் வேலையென்றோ, விசுவாசக் குறைவென்றோ வெட்கப்பட்டு மறைக்காதே.

இத்தனையும் செய்தபிறகும் தூக்கம் வராத இரவுகள் இருக்கும். அப்போது என்ன செய்வது? செபமாலையைக் கையில் எடு. ஐம்பத்துமூன்று மணியையும் முடித்தே தீர வேண்டுமென்று உன்னை வாட்டாதே. ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாலும் போதும். அர்ச். குழந்தை தெரேசம்மாள் செபவேளையில் தூங்கிவிடுவாள். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியந்தானே என்று எண்ணி அவள் கலங்காதிருந்தாள். தூக்கத்தில் செபிக்க முடியாதவளை நேசித்த ஆண்டவர், விழிப்பில் செபிக்க முடியாத உன்னை நேசிக்கமாட்டாரா?

கடைசியாக, நோயாளியோடு வாழும் உங்களுக்கு ஒரு வார்த்தை. சேசுநாதர் பூங்காவனத்தில் அவஸ்தைப்பட்ட இரவில், தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று பேரைக் கேட்டார். இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் தூங்கிப்போனார்கள். தேவசுதனே துணை தேடினார் என்றால், உங்கள் தாய் தேடுவது பலவீனமாகுமா? வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எல்லா இரவும் விழிக்க வேண்டாம். ஒருவர் இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால் கொடுத்து, பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால் போதும். புத்திமதி வேண்டாம். "நீ முன்போல் இல்லை" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரவேண்டாம். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அவளுக்குத் தூக்கம் இன்னும் தூரமாய்ப் போகிறது.

இன்றிரவு படுக்கப்போகுமுன், நம் பங்கில் விழித்திருக்கும் நோயாளிகளுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். வியாதிக்காரரின் ஆரோக்கியமான தேவமாதா அவர்கள் தலைமாட்டில் இருப்பாளாக.